உணவு உரிமையும் நமது மளிகைக் கடையும்

நமது சங்கக் கூட்டங்களில் ஜி.எஸ்.டி., லைசென்ஸ், தராசு முத்திரை பற்றிப் பேசாத மாதம் இல்லை. ஆனால் நாம் அன்றாடம் எடை போட்டுக் கொடுக்கும் அரிசி, சட்டப்படி மக்களுக்கு ஓர் உரிமையாக ஆகியிருப்பதைப் பற்றி நம்மில் பேசுவோர் குறைவு. அது ரேஷன் கடை சமாச்சாரம், அரசாங்கத்துக்கும் அட்டைதாரருக்கும் உள்ள விவகாரம், நமக்கென்ன என்று இருந்து விடுகிறோம். ரேஷனால் நமது அரிசி வியாபாரம் படுத்து விட்டது என்ற மனக்குறையும் சிலருக்கு உண்டு. இந்த எண்ணங்கள் சரிதானா என்று சற்று விசாரித்துப் பார்ப்போம்.

சரக்கு இருந்தும் பசி

விளைச்சல் இல்லை, அதனால் சாப்பாடு இல்லை, அதுதான் பஞ்சம் என்று பொதுவாக எண்ணுகிறோம். வியாபாரியின் கண்ணுக்கு விஷயம் வேறு மாதிரி தெரிய வேண்டும். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தில் மழை பொய்த்தது உண்மை. ஆனால் அதே சமயத்தில் ரயிலில் தானியம் போய்க்கொண்டுதான் இருந்தது, ஏற்றுமதியும் நின்றுவிடவில்லை. விலை கிடைத்த இடத்துக்குச் சரக்கு போயிற்று. காசில்லாத கூலிக்காரர் இருந்த ஊருக்குப் போகவில்லை. சென்னை அரசு தானே தானியம் வாங்கி இருப்பு வைக்க முனைந்தபோது, சந்தையில் அரசு கை வைக்கலாகாது என்று வைஸ்ராய் லிட்டன் பிரபுவின் அரசு ஆட்சேபித்தது. நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்கு ரிச்சர்ட் டெம்பிள் வகுத்த கூலியோ, நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும் என்ற கணக்கு. ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. மடிந்தவர்கள் பல லட்சம் பேர்.

1943-ல் வங்காளத்திலும் இதே கதைதான். பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் 1981-ல் எழுதிய நூலில் அந்தக் கணக்கை ஆராய்ந்து, 1941-ஆம் ஆண்டைவிட 1943-ல் அங்கே உணவு இருப்பு குறைந்துவிடவில்லை என்று காட்டினார். விலை ஏறிய வேகத்துக்குக் கூலி ஏறவில்லை. விவசாயக் கூலிகளும் மீனவர்களும் சில்லறைத் தொழில் செய்தவர்களும் வாங்கும் சக்தியை இழந்தார்கள். கடையில் அரிசி இருந்தது. அவர்கள் கையில் காசு இல்லை.

இந்த உண்மை நமது பற்று நோட்டிலேயே இருக்கிறது. மாதா மாதம் ஐந்தாம் தேதி கணக்குத் தீர்த்த ஒரு ஆட்டோ ஓட்டுநர் காலில் அடிபட்டு இரண்டு மாதம் படுத்துவிட்டால், அவர் வீட்டுப் பக்கத்தில் முதலில் நிற்பது பருப்பு, அப்புறம் எண்ணெய், கடைசியில் அரிசி. நமது கடையில் மூட்டை மூட்டையாக அடுக்கியிருந்தாலும் அந்த வீட்டுக்கு அது இல்லாததுதான். நாமும் எத்தனை நாள் கடன் கொடுக்க முடியும்? மண்டிக்காரருக்கு நாம் பதில் சொல்ல வேண்டுமே.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. 2022-ல் இலங்கையில் அந்நியச் செலாவணி தீர்ந்துபோய், கையில் ரூபாய் வைத்திருந்தவர்களுக்கும் பொருள் கிடைக்காமல் போயிற்று. அந்த மே மாதம் தமிழ்நாட்டிலிருந்து அரிசியும் பால் பவுடரும் மருந்தும் கப்பலில் அனுப்பப்பட்டது நமக்கு நினைவிருக்கும். காசு, சரக்கு இரண்டில் எது தவறினாலும் பசிதான்.

தருமம் வேறு, உரிமை வேறு

நமது வியாபாரிகள் பசிக்குச் சோறு போடுவதில் சளைத்தவர்கள் அல்லர். அன்னதானத்துக்கு மூட்டை கொடுக்காத அரிசி மண்டி திருச்சியில் இருக்க முடியாது. ஸ்ரீரங்கம் கோயிலில் 2012-லிருந்து நாள் முழுதும் அன்னதானம் நடக்கிறது. காமராஜர் 1956-ல் பள்ளி மதிய உணவைத் தொடங்கியபோதும், ஊர்ப் பெரியவர்களும் வணிகர்களும் கொடுத்த நெல்லும் பருப்பும் அதற்குப் பெரும் துணையாக இருந்தன. இவையெல்லாம் போற்றத் தக்கவையே.

ஆயினும் தருமத்தில் ஒரு சிக்கல் உண்டு. கொடுக்கிறவர் மனம் வைத்தால்தான் அது நடக்கும். இன்றைக்குக் கொடுத்தவர் நாளைக்குக் கொடுக்காவிட்டால், கேட்பவர் எதிர்க்கேள்வி கேட்க முடியாது. உரிமை என்பது பில் போட்ட சரக்கைப் போல. பணம் கட்டி ரசீது வைத்திருப்பவர், சரக்கு வரவில்லை என்றால் கடை வாசலில் நின்று கேட்கலாம். அந்தக் கேட்கும் அதிகாரம் ஏழைக்கு எப்படி வந்தது என்பதுதான் தெரிந்துகொள்ள வேண்டிய பாடம்.

ஐக்கிய நாடுகள் சபை 1948-ல் வெளியிட்ட மனித உரிமைப் பிரகடனத்தின் 25-வது பிரிவில், போதிய வாழ்க்கைத் தரத்துக்கான உரிமையில் உணவும் சேர்க்கப்பட்டது. 1966-ல் உருவான சர்வதேச உடன்படிக்கை பசியிலிருந்து விடுபடுவதை அடிப்படை உரிமை என்றது. இந்தியா 1979-ல் அதில் சேர்ந்தது. நமது அரசியல் சட்டத்தின் 47-வது பிரிவும் மக்களின் ஊட்டத்தை உயர்த்துவது அரசின் கடமை என்கிறது. ஆனால் இவையெல்லாம் ஏட்டில் இருந்தவை. கோர்ட்டுக்குக் கொண்டு போனது 2001-ல்தான். அப்போது ராஜஸ்தானில் கடும் வறட்சி. இந்திய உணவுக் கழகத்தின் கிடங்குகளிலோ தானியம் நிரம்பி, வெளியில் தார்ப்பாய் போட்டு மூடிக் கிடந்தது. மக்கள் சிவில் உரிமைக் கழகம் (பி.யு.சி.எல்.) சுப்ரீம் கோர்ட்டில் வழக்குப் போட்டது. உயிர் வாழும் உரிமையைச் சொல்லும் 21-வது பிரிவில் உணவும் அடங்கும் என்பது அவர்கள் வாதம். 2001 நவம்பர் 28-ல் கோர்ட் பிறப்பித்த உத்தரவு, ரேஷன், அந்தியோதயா, அங்கன்வாடி, பள்ளி மதிய உணவு உள்ளிட்ட எட்டுத் திட்டங்களைச் சலுகை என்ற நிலையிலிருந்து சட்டப்படி கேட்டுப் பெறக் கூடியவையாக மாற்றியது. எல்லா மாநிலங்களிலும் அரசுப் பள்ளிகளில் சமைத்த சோறு போட வேண்டும், குறைந்தது 300 கலோரியும் 8 முதல் 12 கிராம் புரதமும் இருக்க வேண்டும், ஆண்டில் குறைந்தது 200 நாள் போட வேண்டும் என்று அளவு போட்டுச் சொல்லிற்று.

இதில் நமது ஊருக்கு ஒரு பெருமை உண்டு. நாடு முழுவதற்கும் கோர்ட் இப்படி உத்தரவு போடுவதற்கு 19 ஆண்டுகளுக்கு முன்பே, 1982 ஜூலை 1-ஆம் தேதி, எம்.ஜி.ஆர். தமது சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தது திருச்சியை அடுத்த பாப்பாக்குறிச்சியில்தான். இவ்வளவு செலவு அரசுக்குக் கட்டுப்படியாகுமா என்று அப்போது கேட்டவர்கள் பலர். இன்று அந்த விவாதமே இல்லை. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிக் காலைச் சிற்றுண்டியும் சேர்ந்து விட்டது.

ரேஷன் வந்த வழி

சென்னை மாகாணத்தில் ரேஷன் என்பது இரண்டாம் உலக யுத்த காலத்தில் வந்தது. 1952-ல் ராஜாஜி கட்டுப்பாடுகளை எடுத்தார். பிறகு அரிசித் தட்டுப்பாடும் விலை ஏற்றமும் தேர்தல் பிரச்சினையாகி, 1967-ல் அண்ணா அரசு ரூபாய்க்கு ஒரு படி அரிசி என்று சென்னையிலும் கோவையிலும் போட்டுப் பார்த்தது. நிதிச்சுமையால் அது மாநிலம் முழுவதும் பரவவில்லை. 1972-ல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் ஏற்பட்ட பிறகுதான் கொள்முதலும் கிடங்கும் விநியோகமும் ஒரு ஒழுங்குக்கு வந்தன.

முக்கியமான கட்டம் 1997. அந்த ஆண்டு மத்திய அரசு, வறுமைக் கோட்டுக்குக் கீழே, மேலே என்று குடும்பங்களைப் பிரித்து, கீழே உள்ளவர்களுக்கு மட்டும் மலிவு விலை என்று ஆக்கியது. பல மாநிலங்கள் அப்படியே செய்தன. தமிழ்நாடு மட்டும், கேட்பவர் எவருக்கும் அரிசி அட்டை என்ற முறையை விடவில்லை. நமது கருத்தில் இந்த நாட்டில் உணவு விஷயமாக எடுக்கப்பட்ட மிக நல்ல முடிவுகளில் இது ஒன்று. முன்சொன்ன ஆட்டோ ஓட்டுநர் ஜனவரியில் கோட்டுக்கு மேலே இருப்பார், மார்ச்சில் கீழே வந்து விடுவார். எந்த அதிகாரி எந்தத் தேதியில் கணக்கெடுப்பது? நமது சிறு கடைக்காரர்களில் அரிசி அட்டை வைத்திருப்பவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். வியாபாரம் நொடித்த மாதத்தில் அந்த அட்டைதான் கை கொடுத்திருக்கும்.

விலை இரண்டு ரூபாயாக 2006-லும், ஒரு ரூபாயாக 2008-லும் குறைந்து, 2011 ஜூன் முதல் விலையில்லா அரிசியாயிற்று. 2007 முதல் பருப்பும் பாமாயிலும் சேர்ந்தன. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2013-ல் வந்தது. அதன்படி முன்னுரிமைக் குடும்பத்தில் ஆளுக்கு 5 கிலோ, அந்தியோதயா அட்டைக்கு 35 கிலோ. கிராமத்தில் 75 சதவீதம், நகரத்தில் 50 சதவீதம் பேருக்கு மேல் இல்லை என்ற உச்சவரம்பை ஒட்டித் தமிழ்நாடு தயங்கி, 2016 நவம்பரில்தான் சேர்ந்தது. விடுபட்ட குடும்பங்களுக்கும் தனது செலவில் கொடுத்து, எல்லோருக்கும் ரேஷன் என்பதைக் காப்பாற்றிக் கொண்டது. இரண்டு கோடியே இருபது லட்சத்துக்கு மேற்பட்ட குடும்ப அட்டைகள் இன்று இந்த மாநிலத்தில் உள்ளன.

நமக்கு நட்டமா?

நாலு பேர் உள்ள குடும்பத்துக்கு மாதம் 20 கிலோ அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வெளிக்கடையில் சாதாரண ரகம் கிலோ 40 ரூபாய் என்று போட்டால் 800 ரூபாய். அந்த 800 ரூபாய் வியாபாரம் நமக்குப் போனது உண்மை, மறைப்பதற்கில்லை. மோட்டா ரகம் விற்றுப் பிழைத்த கடைகள் அதை விட்டுவிட்டன. ஆனால் அந்தப் பணம் அந்த வீட்டிலேயே உட்கார்ந்து விடுவதில்லை. அரிசிக் கவலை தீர்ந்த வீட்டில்தான் உளுந்தும் புளியும் மிளகாயும் சோப்பும் பள்ளிப் பிள்ளைக்குப் பிஸ்கட்டும் வாங்குகிறார்கள். அரிசியில் கிலோவுக்கு ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் லாபத்துக்கு மூட்டை தூக்கிய நமக்கு, இந்தச் சில்லறைச் சாமான்களில் நிற்கும் லாபம் தெரியாததல்ல. வாரக் கடைசியில் பொன்னி அரிசி இரண்டு கிலோ தனியாக வாங்குபவர்களும் ரேஷன் அட்டைதாரர்களே. மண்ணச்சநல்லூர் ஆலைகளிலிருந்து வரும் பொன்னிக்கு ரேஷன் அரிசியால் மவுசு குறைந்ததாக நமக்குத் தெரியவில்லை.

உரிமையை ஏட்டில் எழுதுவது அரசாங்கம் என்றாலும், சோறாக்கும் வேலையில் வியாபாரிக்கும் பங்கு உண்டு என்பதைக் கொரோனா காலம் காட்டியது. 2020 மார்ச் 24 இரவு ஊரடங்கு அறிவித்தார்கள். ரேஷனில் விலையில்லாமல் அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையும் ஆயிரம் ரூபாயும் கொடுத்தார்கள். அதே வாரங்களில், காந்தி மார்க்கெட்டின் மொத்தக் காய்கறி வியாபாரம் பொன்மலை ஜி கார்னர் மைதானத்துக்கு மாற்றப்பட்டு, வெட்டவெளியில் ராத்திரி முழுக்க நடந்தது. மன்னார்புரம் ரவுண்டானாவில் பஸ்கள் ஓடவில்லை. சரக்கு லாரிகள் மட்டும் ஓடின. சுப்பிரமணியபுரத்திலும் காஜாமலையிலும் சின்ன மளிகைக் கடைகள் அரை நாள் திறந்து, கடனுக்கும் கொடுத்தன. ரேஷன் ஒரு கால் என்றால் நமது கடைகள் மற்றொரு கால்.

ரேஷன் அரிசியை வாங்கலாமா?

இனி எழுதுவது சிலருக்குக் கசப்பாக இருக்கும். ரேஷன் அரிசியை அட்டைதாரரிடமிருந்து கிலோ சில ரூபாய்க்கு வாங்கிச் சேர்ப்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அது மாவு அரைக்கும் கடைக்குப் போகிறது. கோழித் தீவனத்துக்குப் போகிறது. மறுபடி தீட்டிப் பாலிஷ் போட்டுப் புதுப் பையில் வேறு பெயரில் வருகிறது. அண்டை மாநிலங்களுக்கு லாரியிலும் ரயிலிலும் கடத்தப்படுகிறது. விலை குறைவாக இருக்கிறதே என்று பில் இல்லாத இட்லி அரிசி மூட்டையை இறக்கும் கடைக்காரர், அது எங்கிருந்து வந்தது என்று கேட்பதில்லை.

'அவர்களுக்கு வேண்டாத அரிசிதானே, விற்கிறார்கள், யாருக்கு நட்டம்?' என்று வாதிடுவார்கள். கிலோவுக்கு 35 ரூபாய்க்கு மேல் அடக்கம் போட்டு அரசு கொண்டு வரும் சரக்கு அது. அந்தப் பணம் நமது வரிப் பணம். முறையாகக் கொள்முதல் செய்து பில்லோடு விற்கும் நமது அரிசிக்கு, இந்த ஓசிச் சரக்கு பக்கத்துக் கடையில் போட்டியாக நிற்கிறது. அதிலும் நட்டம் நமக்குத்தான். இதைவிடப் பெரியது ஒன்று உண்டு. எல்லோருக்கும் ரேஷன் என்பது வீண், பாதி வெளியில்தான் போகிறது என்று சொல்லக் காத்திருப்பவர்களுக்கு, பிடிபடும் ஒவ்வொரு லாரியும் சாட்சி. அட்டையைக் குறைக்க வேண்டும் என்று நாளை ஓர் அரசு முடிவெடுத்தால், முதலில் அடிபடுவது விற்றவர் அல்லர். அந்த அரிசியையே உலையில் போடும் விதவையும் முதியவரும்தான்.

சட்டத்தையும் சொல்லி விடுகிறோம். 1955-ஆம் ஆண்டு அத்தியாவசியப் பொருட்கள் சட்டப்படி மூன்று மாதம் முதல் ஏழு ஆண்டு வரை சிறை. சரக்கோடு அதை ஏற்றிய வண்டியையும் பறிமுதல் செய்ய கலெக்டருக்கு அதிகாரம் உண்டு. 1980-ஆம் ஆண்டு கள்ளச்சந்தைத் தடுப்புச் சட்டப்படி விசாரணை இல்லாமலே ஆறு மாதம் வரை காவலில் வைக்கலாம். குடிமைப்பொருள் குற்றப் புலனாய்வுத் துறை என்று தனிப் போலீஸே இதற்கு இருக்கிறது. அரிசி வேண்டாத அட்டைதாரருக்கு நாம் சொல்லக் கூடிய நல்ல யோசனை, அதைச் சர்க்கரை அட்டையாக மாற்றிக்கொள்ளுங்கள் அல்லது விட்டுக் கொடுத்து விடுங்கள் என்பதே. இரண்டுக்கும் வழி இருக்கிறது.

இடையில் ஒன்று. ரேஷன் அரிசியில் பிளாஸ்டிக் கலக்கிறார்கள் என்று வெளுத்த மணிகளைக் கையில் கொண்டு வந்து காட்டும் வாடிக்கையாளர்கள் உண்டு. அது செறிவூட்டிய அரிசி. மாவாக்கி இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி-12 வைட்டமின் சேர்த்து அரிசி வடிவில் வார்த்து, நூறு கிலோவுக்கு ஒரு கிலோ வீதம் கலப்பார்கள். தண்ணீரில் சில மணிகள் மிதக்கும். பீதியைக் கிளப்பி நமது அரிசியை விற்க நினைப்பது வியாபாரத்துக்கு அழகல்ல.

எதைச் சாப்பிடுவது என்று தீர்மானிப்பவர் யார்?

வயிறு நிறைந்தால் போதுமா என்ற கேள்வியை 1996-ல் ரோம் நகரில் உலக உணவு மாநாடு நடந்தபோது எழுப்பியவர்கள் விவசாயிகள். 'வியா கம்பெசினா' என்ற உலக விவசாயிகள் இயக்கம் அங்கே 'உணவு இறையாண்மை' என்ற சொல்லை முன்வைத்தது. எதை விளைவிப்பது, எப்படி விற்பது, எதைச் சாப்பிடுவது என்று தீர்மானிக்கும் அதிகாரம் அந்தந்த நாட்டு மக்களுக்கே இருக்க வேண்டும் என்பது அதன் பொருள். நமது பெரியவர்கள் சுயராஜ்யம் என்றார்களே, அதைச் சோற்றுக்குப் பொருத்தினால் இதுதான்.

சுதேசி பேசிய வணிகர்களுக்கு இது புதிதல்ல. சில்லறை வணிகத்தில் 51 சதவீதம் அந்நிய முதலீட்டை 2012-ல் மத்திய அரசு அனுமதித்தபோது நாடு முழுவதும் கடையடைப்பு நடந்தது. தமிழக அரசும் இங்கே அதை அனுமதிக்க மாட்டோம் என்றது. 2017 மார்ச் 1 முதல் பெப்சி, கோகோ கோலா விற்பதில்லை என்று தமிழக வணிகர் அமைப்புகள் முடிவெடுத்தன. தாமிரபரணித் தண்ணீர் பற்றிய கோபமும் ஜல்லிக்கட்டு எழுச்சியும் அதற்குப் பின்னால் இருந்தன. நாளடைவில் பல கடைகளில் அந்தப் பாட்டில்கள் திரும்பி வந்துவிட்டன என்றாலும், அலமாரியில் எது நிற்பது என்று முடிவு செய்யும் உரிமை நமக்கும் உண்டு என்று கொஞ்ச நாளாவது காட்டினோம்.

அரசின் கொள்முதலுக்கும் வெளியிலிருந்து ஒரு நெருக்கடி உண்டு. விவசாயியிடம் ஆதரவு விலைக்கு நெல் வாங்கி ரேஷனுக்குக் கொடுப்பதை உலக வர்த்தக அமைப்பு மானியமாகக் கணக்கிடுகிறது. அந்தப் பயிரின் உற்பத்தி மதிப்பில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. அதை அளக்க அது வைத்திருக்கும் விலை 1986-88 ஆண்டுகளின் விலை! பழைய விலைப் பட்டியலை வைத்துக்கொண்டு இன்றைய பில்லைச் சரிபார்ப்பது போலத்தான். 2013-ல் பாலித் தீவில் ஒரு தற்காலிக ஏற்பாடு செய்தார்கள். அதன் பாதுகாப்பை அரிசிக்காக இந்தியா கோரவும் நேர்ந்தது. 2024-ல் அபுதாபியில் கூடியும் நிரந்தர முடிவு எட்டவில்லை. லால்குடியில் விளையும் நெல்லை நேரடிக் கொள்முதல் நிலையத்தில் போட்டுவிட்டு வரும் விவசாயிக்கு இது தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

உள்ளூரிலும் ஒரு குறை உண்டு. ரேஷனில் அரிசியே கொடுத்துக் கொடுத்து, கேழ்வரகும் கம்பும் வரகும் நமது கடைகளிலிருந்தே மறைந்து போயின. துறையூர்ப் பக்கத்திலிருந்து சோளமும் சாமையும் மூட்டையாக வந்த காலம் போய், இன்று அரைக் கிலோ பாக்கெட்டில் சர்க்கரை நோயாளிக்கு விற்கிறோம். 2023 மே மாதம் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கியது நல்ல ஆரம்பம். திருத்துறைப்பூண்டி பக்கம் நெல் ஜெயராமன் தேடிச் சேர்த்த பாரம்பரிய நெல் ரகங்கள் 170-க்கு மேல். 2018-ல் அவர் மறைந்தார். மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி என்று இன்று வாடிக்கையாளர் பெயர் சொல்லிக் கேட்கிறார் என்றால் அவரைப் போன்றவர்களின் உழைப்பே காரணம். இத்தகைய அரிசிக்கு நேரடியாக விவசாயியிடம் பேசி மாதம் இரண்டு சிப்பமாவது வாங்கி வைக்கலாம். தேங்கி நிற்கும் சரக்கு அல்ல அது.

நமது வாடிக்கையாளர் ஒருவர், அட்டையில் அரிசி போட மறுக்கிறார்கள், கைரேகை விழவில்லை என்று அனுப்பி விட்டார்கள் என்று கடையில் வந்து சொன்னால், உச்சுக் கொட்டிவிட்டு நிற்க வேண்டாம். 1967 என்ற எண்ணில் புகார் செய்யலாம். ஒவ்வொரு மாதமும் இரண்டாவது சனிக்கிழமை பொது விநியோகக் குறைதீர் முகாம் தாலுகா தோறும் நடக்கிறது. 2013 சட்டப்படி மாவட்டத்துக்கு ஒரு குறைதீர் அலுவலரும், மாநிலத்துக்கு ஓர் உணவு ஆணையமும் உண்டு. உரிய அளவைக் கொடுக்காவிட்டால் உணவுப் பாதுகாப்புப் படி என்று பணமாகக் கேட்கவும் அதன் 8-வது பிரிவு இடம் தருகிறது. அட்டையில் குடும்பத் தலைவராக 18 வயது நிறைந்த மூத்த பெண்ணின் பெயரே இருக்க வேண்டும் என்பதும் அதே சட்டம். இந்த எண்ணையும் முகாம் நாளையும் ஒரு அட்டையில் எழுதிக் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒட்டி வைக்கலாம். வாசகம் எழுதித் தர இயலாதவர்களுக்கு நமது சங்க அலுவலகத்தில் எழுதித் தருவார்கள்.